நில்லு சாரும் இறக்கிவைத்த பலகையும்

இந்தச் சிங்கப்பூர்த் தீவில் நாற்காலியைத் தன் சொந்த எதிரியாகக் கருதிய மனிதர் ஒருவர்தான் இருந்திருப்பார். பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பாடம் நடத்தியவர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் நில்லு சார். அவருடைய சீன மாணவர்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லும் 'நில்லு'தான்.

நான் அப்போது அதே துறையில் நிர்வாக அதிகாரி. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் எனக்கு மறந்துபோகும், விதிப்புத்தகம் மறக்காது. எங்கள் இருவரையும் ஒரே மாடியில் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

மென்பொருள் எழுதுபவர்களிடம் 'அஜைல்' என்றொரு வேலைமுறை உண்டு. முழுத் திட்டத்தையும் முதலிலேயே போட்டுப் பூட்டிவிடாமல், இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு செய்வது; பயன்படுத்துபவரிடம் காட்டுவது; திட்டு வாங்குவது; திருத்துவது. தினமும் காலையில் நின்றபடியே கூடிப் பேசுவது. நின்றால் பேச்சு நீளாது என்பது தத்துவம். நில்லு சார் இதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவந்தார். முதல் வேலையாக நாற்காலிகளை வெளி நடைபாதையில் அடுக்கினார். தீ விபத்தின்போது வெளியேறும் வழியை மறிக்கக் கூடாது என்பது விதி. போய்ச் சொன்னேன்.

"அண்ணே, நேத்து என்ன செஞ்சீங்க? இன்னைக்கு என்ன செய்யப் போறீங்க? எது உங்களத் தடுக்குது?" என்று என்னையே கேட்டார்.

"உங்க நாற்காலிதான் சார் தடுக்குது."

"பாத்தீங்களா, உடனே விஷயத்துக்கு வந்துட்டீங்க! உக்காந்திருந்தா இதுக்கு ஒரு மீட்டிங் ஆயிருக்கும்."

மறுநாள் நாற்காலிகள் எல்லாம் என் அறையில் இருந்தன.

ஒரு கல்யாணப் பந்தியில் அவர் நின்றபடி சாப்பிட்டாராம். பரிமாறுகிற ஆள் என்று நினைத்து யாரோ ரசவாளியைக் கையில் கொடுத்துவிட்டார்களாம். வாங்கி, இரண்டு வரிசை பரிமாறிவிட்டுத்தான் இலைக்குத் திரும்பினாராம். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

அந்த ஆண்டு மார்சிலிங் வட்டாரத்திலிருந்து வந்த கீர்த்தனா என்ற மாணவியின் குழு, சிராங்கூன் சாலையின் பின்சந்தில் இருக்கும் ராவுத்தர் சாப்பாட்டுக் கடையைத் தன் செய்முறைத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டது. சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் அடுக்கில் வைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். ராவுத்தர் கடையில் பாதிப் பேர் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். தட்டை வைத்தால் கைப்பேசியில் புள்ளிகள் சேர்வதுபோல ஒரு செயலி செய்வதாகக் குழு திட்டம் எழுதியது. மதிப்பெண் போடும் பேராசிரியர்களின் தேர்வுக் குழுவும் ஒப்புக்கொண்டது.

இரண்டு வாரத்தில் செயலி கடைக்குப் போனது. சாப்பிட்டு எழுந்த ஓர் அம்மாவிடம் கீர்த்தனா விளக்கினாள்.

"கண்ணு, ஒரு கையில தட்டு, ஒரு கையில தேக்கா மார்க்கெட் பை. போனை மூணாவது கையிலயா பிடிக்கிறது?" என்றார் அந்த அம்மா.

"சார், ஆப் ஃபெயில் லா," என்று வந்து நின்றாள் கீர்த்தனா.

நில்லு சார் கைதட்டினார். "ரெண்டே வாரத்துல ஃபெயில்! சந்தோஷம். அடுத்து?"

அடுத்து அறிவிப்புப் பலகை. யாரும் படிக்கவில்லை. அதற்கடுத்து, கீர்த்தனா ஒரு மதியம் முழுக்க வெறுமனே நின்று பார்த்தாள். தட்டு அடுக்கு தோள் உயரத்தில் இருந்தது. மீன்குழம்புக் கிண்ணத்தோடு தட்டை அவ்வளவு உயரம் தூக்க வயதானவர்கள் பயந்தார்கள். குழு அந்த அடுக்கின் பலகையை இடுப்பு உயரத்துக்கு இறக்கியது. தட்டுகள் தாமாக வந்து சேர்ந்தன.

நான்தான் விதிப்புத்தகத்தைத் திறந்தேன். ஒப்புதல் பெற்ற திட்டத்துக்கு மாறாகச் சமர்ப்பித்தால் மதிப்பெண் கிடையாது. கீர்த்தனாவுக்கு ஒரு நிறுவனத்தில் வேலை உறுதியாகியிருந்தது, பட்டம் கையில் வந்தால்.

"மாத்தினதுக்கு ஒப்புதல் வாங்குங்க சார்," என்று சொல்லிப் பார்த்தேன்.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ மாறுது. எத்தனை தடவதான் வாங்குறது அண்ணே?"

வாங்கவில்லை.

தேர்வுக் குழு கூடிய அன்று மாணவர்கள் வெளியே காத்திருந்தார்கள். "ஒரு பருவம் முழுக்கப் படித்து, ஒரு பலகையை இறக்கினார்களா?" என்று கேட்டார் ஒரு பேராசிரியர். நில்லு சார் வாதாடவில்லை. "செஞ்சதக் காட்டுறதுதான் எங்க முறை. முதல்ல சாப்பிடுங்க," என்றார். ராவுத்தர் கடை மீன்குழம்புச் சோறு தட்டுத் தட்டாக வந்தது. கதவருகே இரண்டு அடுக்குகள் இருந்தன: ஒன்று பழைய உயரம், ஒன்று புதியது.

சாப்பிட்டு முடித்து, அந்த மாணவர் குழுவைத் தோல்வியடையச் செய்ய வேண்டியதன் அவசியத்தைப் பேசிக்கொண்டே, ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துப்போய் வைத்துவிட்டு வந்தார்கள். தேர்வுக் குழுத் தலைவருக்குத் தோள்வலி வேறு.

"இப்ப அங்க பாருங்க," என்றார் நில்லு சார்.

உயர்ந்த அடுக்கு காலியாக இருந்தது. ஒரு தட்டுகூட இல்லை.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "விதிப்படி கேன் ஆர் கெனாட்?"

நான் 'கெனாட்', அதாவது முடியாது, என்று சொல்லியே பெயர் வாங்கியவன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அதற்குத் தயாராகப் பேனாவை எடுத்தார்கள்.

"மாற்றத்துக்குத் தேர்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மதிப்பெண்ணில் கையெழுத்துப் போடும்வரை அதைக் கொடுக்கலாம் என்கிறது விதி. இன்னும் போடவில்லை. குழுவும் இங்கேதான் இருக்கிறது," என்றேன். "கேன்."

தலைவர் அங்கேயே ஒப்புதலில் கையெழுத்துப் போட்டார். வெளியே போய், தேர்ச்சி என்ற செய்தியைச் சொன்னோம். கீர்த்தனா அப்படியே நடைபாதைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் எதிரில் ஒருவர் உட்கார்ந்ததை நில்லு சார் கண்டிக்காமல் விட்டது அந்த ஒருமுறைதான்.

அடுத்த ஆண்டு அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தேர்வுக் குழு விவகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது கடிதம். அப்படிப்பட்ட கடிதங்களை எழுதிய அனுபவம் எனக்கு உண்டு. கிளம்பும் நாளன்று, என் அறையிலிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் வகுப்பில் போட்டுவிட்டுப் போனார். இப்போது பினாங்கில் யாரையோ நிற்கவைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் ஓய்வுபெற்று ஆங் மோ கியோ வட்டாரத்து வீட்டில் இருக்கிறேன். தினமும் காலையில் கைப்பேசியில் அவரிடமிருந்து ஒரு செய்தி வரும். "நேத்து? இன்னைக்கு? எது தடுக்குது அண்ணே?"

நேற்றுச் செய்ததும் இன்று செய்யப்போவதும் எனக்கு ஒன்றுதான். தடுப்பது முட்டிவலி. அதிகம் நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் விதிபோல மதிக்கிறேன். நில்லு சாருக்கான பதிலை மட்டும் எழுந்து நின்றுதான் அனுப்புகிறேன்.