கைதட்டல் மேஸ்திரி

ஒத்திகை முழுக்க உட்கார்ந்து பார்த்தும் எங்கே கைதட்டுவது என்று அன்செல்முக்குப் பிடிபடவில்லை. அவர் பிழைப்பே அதுதான். பாரீஸில் கொட்டகைக்குக் கொட்டகை கூலிக்குக் கைதட்டும் கூட்டம் உண்டு. இந்தக் கொட்டகைக் கூட்டத்துக்கு அவர்தான் மேஸ்திரி. கைத்தடியைத் தூக்கினால் நாற்பது பேர் தட்டுவார்கள், இறக்கினால் நிறுத்துவார்கள்.

இந்தப் புது பாலேயிலோ இசை எங்கேயும் முடிகிற வழியாக இல்லை. ஆடுகிறவர்களும் கால்விரலை உள்பக்கம் திருப்பிக்கொண்டு தரையை மிதி மிதியென்று மிதித்தார்கள்.

"நாளைக்குக் கைதட்டல் சொதப்புச்சுன்னா வேற மேஸ்திரியப் பாத்துக்குவேன்," என்று முதலாளி கிராவெல் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்செல்ம் முரசு வாசிக்கும் பாஸ்தியானைப் பிடித்தார்.

"தம்பி, ஒரு கட்டம் முடிஞ்சா லேசாத் தலைய ஆட்டு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"எங்க முடியுதுன்னு எனக்கே தெரியலண்ணே. எண்ணி எண்ணித்தான் வாசிக்கறேன்."

"தெரிஞ்ச வரைக்கும் ஆட்டுப்பா."

மறுநாள் மாலை கொட்டகை நிரம்பி வழிந்தது. திரை உயர்ந்த கொஞ்ச நேரத்தில் பாஸ்தியான் தலை ஆடியது. தடி உயர்ந்தது. நாற்பது பேரும் தட்டினார்கள். தலை மறுபடி ஆடியது. மறுபடி தட்டினார்கள்.

டப் டப்... டப் டப் டப்... டப்.

அந்த மகராசன் எண்ணும்போதெல்லாம் தலையை ஆட்டுகிறவன் என்பது அப்போதுதான் அன்செல்முக்கு உறைத்தது. தடியை இறக்கினார். பலனில்லை. அதற்குள் ஆட்கள் விவரமாகிவிட்டார்கள். தடியை விட்டுவிட்டு நேராகப் பாஸ்தியான் தலையைப் பார்த்தே தட்டினார்கள்.

"யாருய்யா அது, நக்கல் பண்றது?" என்றாள் முன்வரிசைச் சீமாட்டி ஒருத்தி. பக்கத்தில் பத்துப் பேர் முணுமுணுத்தார்கள்.

"தட்டாதீங்கடா. மொதல்ல சத்தம் போடறவங்கள அடக்குங்க," என்று அன்செல்ம் தன் ஆட்களிடம் கிசுகிசுத்தார்.

நாற்பது வாயும் சேர்ந்து "உஸ்ஸ்ஸ்" என்றது.

"பாத்தியா, கூலி வாங்கினவனே உஸ் கொட்டறான். ஆட்டம் அவ்வளவு மோசம்," என்று ஒருவர் எழுந்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. மாடியில் சீட்டி, கீழே ஊளை. அன்செல்ம் பதறிப்போய் நாற்காலிமேல் ஏறி, "அருமை, பிரமாதம்" என்று கத்தினார். சீமாட்டியின் குடை அவர் தொப்பிமேல் இறங்கியது.

திரை விழுந்ததும் கிராவெல் கூப்பிட்டார்.

"வாசிக்கறதுல தப்பு வரும், ஆடறதுல தப்பு வரும். கைதட்டறதுல கூடவாய்யா ஒரு மனுஷன் தப்பு பண்ணுவான்? தடிய வச்சிட்டுக் கெளம்பு."

அன்செல்ம் அழுதேவிட்டார். விஷயம் ஊர் முழுக்கப் பரவியது. பிறகு எந்தக் கொட்டகையிலும் அவரைச் சேர்க்கவில்லை.

பல வருஷம் கழித்து ஓர் இசைப்பள்ளியில் வாசல்காவல் வேலை கிடைத்தது. ஒரு மதியம், வாத்தியார் இல்லாத வகுப்பிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டப் டப்... டப் டப் டப்... டப்.

அன்செல்ம் விறுவிறுவென்று போனார். எட்டிப் பார்த்தார். மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பயபக்தியோடு தட்டிக்கொண்டிருந்தார்கள். பாவம், சின்னப் பிள்ளைகள், தன்னைப் போலவே தப்பாகத் தட்டிப் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளப்போகிறார்கள் என்று அவர் மனசு கேட்கவில்லை. உள்ளே போய், ஒரே சீராக, அழகாகத் தட்டிக்காட்டினார்.

முன்வரிசையில் இருந்த பெண் கண்ணைத் திறந்தாள்.

"தாத்தா, கெடுத்துடாதீங்க. கலாட்டாவில முடிஞ்சுதே ஒரு பாலே, அது மொத நாள் நடந்தப்ப, மாடியில உக்காந்து எங்க வாத்தியார் மனப்பாடம் பண்ணின தாளம் இது. இப்ப வர்ற புது இசையெல்லாம் இதுலதான் போடறாங்க. நீங்க தட்டற மாதிரி தட்டினா பரீட்சையில ஃபெயில்."