நூற்றுப் பன்னிரண்டு முறை ஒட்டப்பட்ட என் தப்பு

சேக்காடு, ஆவடி.

அன்புள்ள மருமகன் கிஷோருக்கு, உன் தாய்மாமன் உலகநாதன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. அதை உன் அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

"கேசட்டைக் குடுங்க மாமா, கம்ப்யூட்டர்ல ஏத்தித் தர்றேன்" என்று நீ வாங்கிப் போனது, எங்கள் மெல்லிசைக் குழு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் வாசித்த ஆடித் திருவிழாக் கச்சேரி. அதில் ஒரே ஓர் இடத்தில் நான் தப்பு செய்தேன். கோயில் வாசலில் போட்ட அதிர்வேட்டை டிரம்ஸ் அடி என்று நினைத்து, பாங்கோஸ் மேளத்தை அரை பீட் முன்னாலேயே தட்டிவிட்டேன். பிஸ்கட் டின்னை மடியில் வைத்து, ரேடியோவோடு தட்டித் தட்டி நானே கற்ற வித்தை அது. அந்த ஓர் அடிக்காகக் குழுத் தலைவன் கிருபாகரன் மறுநாளே என்னை நீக்கினான். முப்பத்தெட்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. ஒன்றரை மணி நேரம் ஒழுங்காக வாசித்த அத்தனையையும் விட்டுவிட்டு, நீ அந்த அடியை மட்டும் வெட்டியெடுத்து நீ இசையமைத்து வெளியிட்ட பாட்டில் நூற்றுப் பன்னிரண்டு முறை ஒட்டியிருக்கிறாய். எண்ணிவிட்டேன்.

நேற்று பாடிக்குப் போகும் ஷேர் ஆட்டோவிலும் அதே பாட்டு. "அந்த அடி தப்புப்பா, நிறுத்து" என்றேன். ஓட்டுநர் அப்துல் ரசாக் திரும்பி, "இன்னா பெர்சு, அந்த அடிக்கோசரம்தான் காலைலேர்ந்து போட்டுகினு கீறேன். மியூஜிக்கப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?" என்றான். அடித்தவனிடமே இந்தக் கேள்வி! அம்பத்தூரிலேயே இறங்கி, முட்டி வலியோடு மிச்ச தூரம் நடந்தேன்.

உன்னைப் போனில் கேட்டால், "மாமா, இன்னிக்கு சவுண்டே பழைய சவுண்டுதான். கேசட் இரைச்சலைக்கூட வேணும்னே சேர்ப்போம்" என்கிறாய். அந்த இரைச்சலைப் போக்க ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து டேப் ரெக்கார்டர் ஹெட்டைத் துடைத்துத் துடைத்து எங்கள் விரல் தோல் உரிந்ததடா! தொண்ணூறுகளில் ரிதம் மெஷின் வந்து எங்கள் கைகளை வீட்டுக்கு அனுப்பியது. கேட்டால், மெஷின் தப்பு செய்யாதாம். இப்போது அதே மெஷினுக்குத் தப்பு செய்யச் சொல்லித்தர என் கை வேண்டியிருக்கிறதா? அறுபதுகளின் கோரஸ், எழுபதுகளின் ஆர்கன், எண்பதுகளின் பாங்கோஸ், எது வேண்டுமோ எடுத்துக்கொள். ஆனால் எங்கள் சரியை எடு.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமைக்குள் பாட்டை எடுத்துவிடு. இல்லையென்றால் நானே வந்து அந்த அடியைச் சரியாக வாசிப்பேன். நூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் நீ மாற்ற வேண்டும்.

கோபம் வேறு, ஆசீர்வாதம் வேறு. தீர்க்காயுசாக இரு, தாளத்தோடும் இரு.

இப்படிக்கு,
உலகநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் கிருபாகரன் போன் செய்தான். அவன் பேத்தி வர்ஷா உன் பாட்டைப் போட்டுக் காட்டினாளாம். "உலகு, இன்னா அடிடா அது! அன்னிக்கு நான்தான உன்ன அப்டி அடிக்கச் சொன்னேன், ஞாபகம் கீதா?" என்கிறான். இதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு வேறு திரிகிறானாம். பாட்டை எடுக்காதே. ஓர் அடியையும் மாற்றாதே. என் பெயரைக் கொட்டை எழுத்தில் போடு. யாரும் சொல்லிக்கொடுக்காமல் உலகநாதன் தானாகவே தவறி அடித்தது என்றும் போடு. தப்பு என்னுடையது. அதில் எவனுக்கும் பங்கு கிடையாது.