டிவியில் தொங்கிய சிவப்பு அட்டை

முதலில் என் தகுதியைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. நான் பொறியியல் பட்டதாரி. நெய்வேலிச் சுரங்கத்தில் மின்பிரிவு அதிகாரியாக இருந்து, பெயருக்கு ஒரு கீறலுமின்றி ஓய்வு பெற்றவன். மாடிவீட்டு உயர இயந்திரங்கள் என் அனுமதியின்றி அசைந்ததில்லை. எங்கள் பிளாக்கில் எவர் வீட்டில் ஃபேன் நின்றாலும் என்னிடம் யோசனை கேட்ட பிறகே எலெக்ட்ரீஷியனை அழைப்பார்கள். (எலெக்ட்ரீஷியன் என் யோசனையைக் கேட்டதில்லை, அது வேறு.) ஆகவே, அதே சுரங்கத்தில் இப்போது வேலை பார்க்கும் மகன் செந்திலின் குவார்ட்டர்ஸில் உள்ள டிவியில் வசன வரிகளை, அதாவது சப்டைட்டிலை, வரவழைப்பது எனக்கு ஒரு வேலையாகவே தோன்றவில்லை.

அவ்வரிகள் தேவைப்பட்டது என் மனைவி சரோஜாவுக்கு. அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. காதுக்கருவி இரைகிறது என்று அலமாரியில் வைத்துவிட்டாள். மாலையில் நகைச்சுவைத் தொடர் ஓடும்போது எங்கள் முகங்களைப் பார்த்து, நாங்கள் சிரித்த பிறகு சிரிப்பாள். பின்பு அதையும் விட்டாள். தொடர் தொடங்கியதும் உள்ளறையில் துணி மடிக்கப் போய்விடுவாள்.

"மடிச்ச துணியையே மடிக்கிறியே?" என்றேன் ஒருநாள், உரக்க.

"வேற என்னங்க செய்யறது? அங்க உக்காந்தா விருந்தாளி மாதிரி இருக்கு."

அந்தச் சொல் என்னை உறுத்தியது. அத்தொடருக்குத் தமிழ் வசன வரி உண்டென்றும், டிவியின் செட்டிங்ஸில் மாற்றினால் போதுமென்றும் மருமகள் கலைச்செல்வி கூறினாள்.

"நான் பண்ணித் தரட்டுமா மாமா?"

"நான் பொறியியல் படித்தது எதற்கம்மா?" என்று கேட்டுவிட்டேன். (அவளும் பொறியியல் பட்டதாரி. பதில் சொல்லாதது அவளது பெருந்தன்மை.)

ஞாயிறு மாலை குள்ளஞ்சாவடியிலிருந்து சம்பந்தி, அதாவது கலைச்செல்வியின் தந்தை, வருவதாக இருந்தார். அன்று சரோஜா எங்களோடு கூடத்தில் அமர்ந்திருக்க வேண்டும் என்று உறுதி பூண்டேன்.

சுரங்கத்தில் ஓர் இயந்திரத்தைத் தொடுமுன், 'ஆள் வேலையில் இருக்கிறார், தொடாதே' என்ற சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவது முறை. தொங்கவிட்டவரன்றி வேறெவரும் அதைக் கழற்றக் கூடாது. உயிர் காக்கும் விதி அது. நினைவுப் பொருளாக என்னிடமிருந்த அட்டையொன்றை டிவியின் மூலையில் முறைப்படி தொங்கவிட்டுப் பணியில் இறங்கினேன்.

செட்டிங்ஸ் பட்டியலில் வசன வரிக்கு மேலிருந்த வரியை அமுக்கிவிட்டேன். "குரல் வழிகாட்டி இயக்கப்பட்டது" என்று ஒரு பெண்குரல் கணீரென அறிவித்தது. பார்வையற்றோருக்காகத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஏற்பாடு. அம்புக்குறியை எப்பக்கம் நகர்த்தினாலும் ஓர் அறிவிப்பு. ஒலியைக் குறைக்கப் போய்க் கூட்டிவிட்டேன். பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன். அக்குரல் ஓய்வெடுத்துக்கொண்ட தெம்போடு திரும்பி வந்தது.

ஷிஃப்ட் முடிந்து வந்த செந்தில் ரிமோட்டுக்குக் கை நீட்டினான். அட்டையைக் கண்டதும் கை பின்வாங்கியது.

"சாரிப்பா. உங்க கார்டு தொங்குது."

"பரவாயில்லை, தொடு."

"ரூல் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே? வேலை முடியலைன்னு சொல்லிட்டுக் கார்டைக் கழட்டுங்க. அப்புறம் தொடறேன்."

வேலை முடியவில்லை என்று நான் என் சர்வீஸில் சொன்னதில்லை. அட்டை தொங்கியது. வாசலில் சம்பந்தி செருப்பைக் கழற்றினார்.

"இன்னா சம்பந்தி, தெருமுனை வரிக்கும் கேக்குது? வூட்ல எதனா மீட்டிங்கா?"

பதற்றத்தில் எதையோ அமுக்க, முகப்புத் திரை வந்தது. நான் அண்மையில் கண்டுகளித்தவை அங்கே வரிசையாக நின்றன. மதிய வேளைகளில் நான் பொருளாதார விவாதங்கள் பார்ப்பதாகவே குடும்பம் நம்பியிருந்தது.

"தொடர்ந்து பார்க்க," என்றது குரல். "நரைத்த மீசை ஒரே வாரத்தில் கருக்க."

அம்புக்குறியோடு வலப்பக்கம் தப்பி ஓடினேன்.

"வழுக்கையில் முடி வளர வெங்காயச் சாறு."

சம்பந்தி என் தலையை மரியாதையோடு பார்த்தார். "வெங்காயம் ஒத்துக்கிச்சுங்களா?"

கலைச்செல்வி சமையலறைக்குள் ஓடி மறைந்தாள்.

அவ்வேளையில் சரோஜா காபித் தட்டோடு வந்தாள். அக்குரல் அவளுக்கு ஏதோ முணுமுணுப்பாகத்தான் எட்டியது. நாங்கள் குரலுக்கு மிரண்டு திரையைப் படிப்பதையே மறந்திருந்தோம். அவளுக்குத் திரை மட்டுமே இருந்தது.

"இதென்னங்க, டிவிக்குத் திருஷ்டியா?" என்று அட்டையைக் கழற்றி என் கையில் திணித்தாள். சுரங்கத்தில் எவருக்கும் வராத துணிச்சல். ரிமோட்டை வாங்கி, வரிவரியாகப் படித்து நிதானமாக இறங்கினாள். குரல் அடங்கியது. அடுத்த வரியில் வசன வரிகள். அமுக்கினாள்.

தொடர் ஓடியது. கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்த மாப்பிள்ளை வாய் திறப்பதற்குள் எழுத்து முந்திக்கொண்டு வந்துவிட்டது. நாங்கள் சிரிக்கும் முன்பே சரோஜா சிரித்தாள்.

"ஏங்க, இவன் இத்தனை நாளும் இப்படியா பேசிக்கிட்டிருந்தான்!"

விதியை மதித்த மகனுக்கும், வாய் திறவாத மருமகளுக்கும், என் மானத்தை வாங்கிய அந்தக் குரலுக்குங்கூட நான் நன்றியுடையவன். வேலையை நானே முடித்திருந்தால் ரிமோட் அவள் கைக்குப் போயிருக்காது. இன்று அது அவள் கையைவிட்டு வருவதில்லை. சம்பந்தியோ வரும்போதெல்லாம் ஒரு பை சின்ன வெங்காயத்தை என்னிடமே நேரில் ஒப்படைக்கிறார்.

நானும் இப்போது தினமும் அத்தொடரை விடாமல் பார்ப்பதாக அவர் குள்ளஞ்சாவடி முழுக்கச் சொல்லி வருகிறார். அது தவறு. என் நாற்காலி டிவியைப் பார்த்துப் போடப்படவில்லை. சரோஜாவைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது.