ஆறாம் எண் படிப்பறையில் நான் அடைபட்டுக் கிடந்த விவரம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் உங்கள் மகள் செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தத்தை வைத்துத்தான் அவள் மனநிலையைத் தெரிந்துகொள்கிறேன். தங்கள் இடது கண் எப்படி இருக்கிறது? கட்டுப் பிரித்தாயிற்றா? தொலைபேசியில் பேசலாம் என்றால், என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறீர்கள். ஆகவே இந்தக் கடிதம். ஒற்றைக் கண்ணால் படிக்கத் தோதாக எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் கண் ஆஸ்பத்திரியிலிருந்து தங்களை வீட்டுக்கு அழைத்துப்போக நான் வராதது உண்மை. ஆனால் "எங்கேயாவது ஊர் சுத்தப் போயிருப்பாரு" என்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன், அது மட்டும் உண்மையில்லை. ஊரைச் சுற்றுவது இருக்கட்டும் மாமா, அன்றைக்கு என்னால் ஓர் அறையைவிட்டே வெளியே வர முடியவில்லை.

நான் பல்கலைக்கழக நூலகத்தில் படிப்பறைகளுக்குப் பொறுப்பாளன் என்பது தங்களுக்குத் தெரியும். "கதவைத் திறந்து மூடறதுக்குக்கூட ஒரு ஆளா?" என்று நான் பெண் பார்க்க வந்த அன்றே கேட்டவர் நீங்கள். அது அவ்வளவு சுலபமான வேலை இல்லை. படிக்க என்று அறை எடுத்துவிட்டு உள்ளே தூங்குகிறவனை எழுப்ப வேண்டும், எழுப்பினால் "கண்ணை மூடி மனப்பாடம் பண்றேன் சார்" என்பான், அதையும் நம்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை இந்த அறைகளைப் பார்வையிடப் பதிவாளர் அம்மாவும் நிதி அலுவலரும் வருவதாக ஏற்பாடு. இவை தேவைதானா, இல்லை உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் கிடங்காக ஆக்கிவிடலாமா என்று நிதி அலுவலர் கொஞ்ச நாளாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அறைகள் போனால் என் வேலையும் போகும். ஆகவே அன்று காலை நானே துணியும் வாளியுமாக இறங்கினேன். மேசைகளுக்கு அடியில் ஒட்டியிருந்த சூயிங்கத்தைச் சுரண்டினேன். ஓர் அறையில் தலையணை, இன்னோர் அறையில் ஒற்றைச் செருப்பு. விட்டுவிட்டுப் போனவன் வீடுவரை எப்படிப் போனான் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். ஆறாம் அறையில் வெள்ளைப் பலகை முழுக்க யாரோ எண்ணும் எழுத்துமாகக் கிறுக்கி வைத்திருந்தார்கள், மூலையில் 'தயவுசெய்து அழிக்க வேண்டாம்' என்று வேறு. அதையும் சேர்த்தே அழித்தேன். பலகை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

அந்த அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் வந்து என்னவோ செய்துவிட்டு, "சார், ஸ்க்ரூ தேஞ்சுபோச்சு. இப்போதைக்கு ஒட்டி வெச்சிருக்கேன். பார்க்க ஜோரா இருக்கும். யாரும் தொடாம பார்த்துக்குங்க" என்றார்.

"கைப்பிடியைத் தொடாம கதவை எப்படிப்பா திறக்கறது?"

"அவங்க பார்வையிடத்தானே சார் வர்றாங்க? பார்த்துட்டுப் போகட்டும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இருவரும் வந்ததும் அவர்கள் கைபேசிகளை வாங்கி முன்மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன், என்னுடையதையும் சேர்த்து. நூலகத்து அமைதி பதிவாளருக்கும் பொருந்தும் என்று காட்டினால் மெச்சிக்கொள்வார்கள் என்று ஒரு நப்பாசை. ஐந்து அறைகளும் நல்லபடியாக முடிந்தன. ஆறாம் அறை வாசலில் நிதி அலுவலர் நின்று, "உள்ளே பேசினா வெளியே கேக்காதுன்னு போர்டு போட்டிருக்கீங்களே, நிஜமாவா?" என்று ஒரு மாதிரி சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீங்களே பாருங்க சார்" என்று இருவரையும் உள்ளே அழைத்துக் கதவை இழுத்து ஓங்கிச் சாத்தினேன். கதவு சாத்திக்கொண்டது. கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. நான் அதைச் சத்தமில்லாமல் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை.

"நல்லா இருக்கு. போலாமா?" என்றார் பதிவாளர் அம்மா.

"கொஞ்சம் உக்காந்து பாருங்க மேடம். நாற்காலி அவ்வளவு சுகமா இருக்கும்."

உட்கார்ந்தார்கள். எழுந்தார்கள். "இப்போ போலாமா?"

"மேசைக்கு அடியில பார்க்கலையே மேடம்."

பாவம், இருவரும் குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தார்கள். அதற்குமேல் காட்ட அந்த அறையில் ஒன்றுமில்லை. பையிலிருந்து கைப்பிடியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

பிறகு மூவரும் சேர்ந்து கத்தினோம். வெளியே பொட்டுச் சத்தம் போகவில்லை; அந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்துவிட்டது. ஆள் அசைந்தால்தான் எரியும் விளக்கு அது. கையை ஆட்டினால் எரிகிறது, நிறுத்தினால் சற்று நேரத்தில் அணைகிறது. எனவே முறைவைத்துக் கையை ஆட்டினோம். நிதி அலுவலரின் முறை வந்தபோது அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே மாணவர் கூட்டம் கூடிவிட்டது. ஏதோ புதுவிதமான உடற்பயிற்சி என்று நினைத்தார்களாம். இரண்டு பேர் கூடவே ஆட்டவும் தொடங்கினார்கள். பதிவாளர் அம்மா கதவைக் காட்டினார், கைப்பிடியைக் காட்டினார், கும்பிட்டுக்கூடக் காட்டினார். அப்போது ஒரு பையன் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினான். உதவி வந்துவிட்டது என்று ஓடிப்போய்ப் படித்தோம். 'அடுத்த புக்கிங் எங்களோடது. எப்போ காலி பண்ணுவீங்க?'

அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குழுக்கள் புத்தகங்களோடு தரையில் உட்கார்ந்திருந்தன. நேரம் முடியாமல் யாரும் கதவைத் தட்டக்கூடாது என்பது நான் போட்ட விதி. நான் போட்ட விதியை மாணவர்கள் மதித்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கணக்கில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் வந்தாள். மேசைமேல் கிடந்த கைப்பிடியைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். உடனே அவள் பார்வை எனக்குப் பின்னால் போனது. வெள்ளைப் பலகை. அவள் நிதானமாக ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினாள்: 'என் கணக்கை அழிச்சது யாரு?' நிதி அலுவலர் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் என்னைச் சுட்டினார். பதிவாளர் அம்மாவும் சுட்டினார். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, நடந்து போய்விட்டாள்.

ஆசாரியைக் கூப்பிடத்தான் போகிறாள் என்று நினைத்தோம். டீ குடிக்கப் போயிருக்கிறாள், மாமா. ஆற அமரக் குடித்துவிட்டு, தோழியோடு பேசிவிட்டு, அப்புறம்தான் ஆசாரியிடம் சொல்லியிருக்கிறாள். அவர் வெளிப்பக்கக் கைப்பிடியைத் திருகி ஒரே தள்ளில் கதவைத் திறந்து, "தொட்டுட்டீங்களா சார்?" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "மூணு வாரக் கணக்கு அங்கிள். நீங்களும் கொஞ்ச நேரம் உக்காந்து யோசிக்கட்டும்னு விட்டேன்" என்றாள். "ஸாரிம்மா" என்றேன். "பரவாயில்ல, போன்ல போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

விழுந்தடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன். பெஞ்சில் தாங்கள் இல்லை. அதற்குள் நடந்ததை அத்தை சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன். வாசலில் வந்து நின்ற ஒரு வெள்ளைக் காரை என் கார் என்று நினைத்து ஏறி உட்கார்ந்து, "இதுதான் வர்ற நேரமா?" என்று ஆரம்பித்து, வீடு வரைக்கும் வழியையும் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தீர்களாம். ஓட்டியவர் தன் சித்தியைப் பார்க்க வந்த யாரோ ஒருவர். பயத்தில் வாயைத் திறக்காமல் தங்களை வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். "மாப்பிள்ளை இன்னைக்குத்தான் எதிர்த்துப் பேசாம ஒழுங்கா வண்டி ஓட்டினாரு" என்று நீங்கள் அத்தையிடம் மெச்சிக்கொண்டிருந்தபோது நான் வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்து நின்றேன். இத்தனை வருஷத்தில் தங்கள் வாயால் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதுவும் வேறொருவருக்குச் சேர வேண்டியது.

போனது போகட்டும். வரும் வியாழக்கிழமை தங்கள் வலது கண்ணுக்கு ஆபரேஷன். இடியே விழுந்தாலும் காலையிலிருந்து நான் தங்கள் பக்கத்திலேயே இருப்பேன். இது சத்தியம். அத்தைக்கு என் வணக்கம். தங்களுக்கும் வணக்கம், ஆசீர்வாதம் செய்ய மனம் வராவிட்டால், திட்டாமல் இருந்தாலே போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையான மாப்பிள்ளை
(காரில் வந்தவர் அல்ல)

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தலைமை நூலகர் வந்தார். ஓர் அறைக்காக மாணவர்கள் தரையில் உட்கார்ந்து காத்திருந்ததைப் பார்த்து நிதி அலுவலர் மனம் மாறிவிட்டாராம். கிடங்கு யோசனையைக் கைவிட்டு, இன்னும் நான்கு அறைகள் கட்டச் சொல்லிவிட்டார். அதற்கு இடம் காட்ட நான் கூடவே இருக்க வேண்டுமாம், வியாழக்கிழமை நாள் முழுவதும். மறுக்க முடியாமல் "சரி சார்" என்று சொல்லிவிட்டேன். ஆகவே அன்றைக்குத் தாங்கள் ஆட்டோவில் போய்வந்துவிடுங்கள். இதை உங்கள் மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் பெரியவர், நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிட்டால் புண்ணியமாகப் போகும்.