ஆவரேஜ் அண்ணன் போட்ட பூஜ்யங்கள்

ஒரகடத்தில் உள்ள அத்தனை கம்பெனிகளையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் எங்கள் ஆவரேஜ் அண்ணன் மாதிரி ஒரு பிறவி அகப்படாது. அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். கார் உதிரி பாகம் செய்யும் எங்கள் கம்பெனியில் புரொடக்‌ஷன் கணக்கு அவர் பொறுப்பு. தினமும் யார் எத்தனை பீஸ் போட்டார்கள் என்று எக்செல்லில் ஏற்றி, ஆள் வாரியாக, லைன் வாரியாக, ஷிப்ட் வாரியாகச் சராசரி எடுப்பார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்?

கம்பெனி பஸ் லேட்டாக வருவதை டிரைவர் வாரியாகச் சராசரி எடுத்தார். மனைவியின் கோபத்தை, மச்சினி வந்த நாள், வராத நாள் என்று பிரித்து எடுத்தார். அதை வீட்டில் காட்டியும் தொலைத்ததால் ஒரு வாரம் மூன்று வேளையும் கேன்டீன் சாப்பாடு. அங்கேயும் சும்மா இருந்தாரா? சாம்பாருக்கு மாஸ்டர் வாரியாக மார்க். அதில் வாலாஜாபாத் மாஸ்டர்தான் கடைசி. அண்ணன் அதை ஊரெல்லாம் தமுக்கடித்ததில், பாவம், அந்த மனிதரைச் சப்பாத்திக்கு மாற்றிவிட்டார்கள்.

அண்ணனுக்கு ஒரே ஒரு விஷயம் ஆகாது. எக்செல்லில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. "காலியா வுட்டா பல்லு போன வாயி மாதிரி கீதுபா" என்பார். உடனே அங்கே ஒரு பூஜ்யத்தைத் தட்டிவிடுவார்.

அந்தச் சமயம், சராசரி குறைந்த டிரெய்னிகளை வேலையைவிட்டு அனுப்புவதாக முடிவானது. பட்டியலில் கடைசிப் பெயர் செல்வி. தென்காசிப் பக்கத்துப் பெண்; தண்டலத்தில் ஹாஸ்டலில் இருந்தாள். லைனில் அவள் கை வேகத்தைப் பார்த்த யாரும் இதை நம்பவில்லை. அவள் நேரே எங்கள் ஆபீசுக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, நான் எப்படிண்ணே கடைசி?"

"நான் இன்னாம்மா பண்றது? ஆவரேஜ் சொல்லுது" என்று அண்ணன் திரையைத் திருப்பினார்.

செல்வி விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். "இந்த ரெண்டு வாரமும் அம்மை போட்டு ஊருல கெடந்தேன். வேலைக்கு வந்து ஒரு பீஸும் போடாம நின்ன மாதிரில்லா பூஜ்யம் போட்டு வச்சிருக்கீய?"

அண்ணன் கீபோர்டை இழுத்தார். பூஜ்யங்களை ஒவ்வொன்றாக அழித்தார். காலிக் கட்டத்தை எக்செல் கணக்கிலேயே சேர்க்காது. செல்வியின் சராசரி ஏறி ஏறிப் பட்டியலின் உச்சிக்கே போய்விட்டது.

ஆனால் பழைய பட்டியல் மேனேஜர் மேசைக்குப் போயாயிற்று. தன் கணக்கில் பிழை என்று யாரையும் வாய் திறக்க விடாத அண்ணன், மீட்டிங் நடந்த அறையின் கதவைத் தட்டாமலே திறந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், அந்தப் பொண்ண அனுப்பாதீங்க. தப்பு என்னுது."

மேனேஜர் நிமிர்ந்தார். "அப்போ இவ்ளோ வருஷமா நீங்க குடுத்த ஆவரேஜ் எல்லாம்?"

"எல்லாத்தையும் திருப்பிப் போட்டுடறேன் சார்."

செல்வியின் வேலை தப்பியது. அண்ணன் சொன்னபடியே பழைய கணக்கையெல்லாம் தோண்டினார், சாம்பார் உட்பட. அடக் கடவுளே, வாலாஜாபாத் மாஸ்டர் நெல் அறுப்புக்கு லீவு போட்ட நாளுக்கெல்லாம் பூஜ்யம்! நேரே அடுப்படிக்குப் போய், "மாஸ்டர், மன்னிச்சுக்கோ. உன் சாம்பார்தான் பர்ஸ்ட்டு" என்றார்.

"அத்த நாக்குல வுட்டுப் பாத்தாலே தெரியுமேய்யா! இன்னாத்துக்குக் கம்ப்யூட்டரு?" என்றார் மாஸ்டர்.

போன மாதம் அண்ணன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். மறுநாள் கேன்டீனில் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் யாரோ தட்டோடு உட்காரப் போனார்.

"அண்ணே, அது காலியா கெடக்கட்டும்" என்றாள் செல்வி.

எனக்கும் அதுதான் தேவலை என்று இருந்தது.