நாலு பாத்திப் புல்லும் ஒரு இஞ்ச் டேப்பும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் கொல்லையில் நாலு பாத்திப் புல்லும் சுகம். அங்கு நீங்களும் என் மகளும் பதினொரு மாடுகளும் சுகமாக இருப்பீர்களென்று நம்புகிறேன். கல்யாணத்துக்கு நான் தைத்துக் கொடுத்த பேன்ட் இப்போது உங்கள் இடுப்பில் ஏறவில்லை என்று மகள் சொன்னாள். மாடுகள் இளைத்தாலும் நீங்களாவது தேறியிருக்கிறீர்களே, சந்தோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை சாப்பிடும்போது, காட்டுப்புல்லில் எது தீவனத்துக்கு நன்றாக வளரும் என்று நான் பார்த்துச் சொல்கிறேன் என்றதற்கு, "மாமா, இது சட்டை இல்ல, புல்லு. விட்டுடுங்க" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷம் தையல் மெஷின் மிதித்தவனுக்கு அளக்கவா தெரியாது? வரும் மழைக்கு உங்கள் இரண்டு ஏக்கரில் எதை விதைப்பது என்று நானே கண்டுபிடித்துச் சொல்வதென்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். இந்த மழையைத் தவறவிட்டால் அடுத்த மழை வரை மாடுகளுக்கு வைக்கோல்தான், பாலும் அதற்குத் தகுந்தாற்போல்தான்.

ரயில் பாதை ஓரம், வாய்க்கால் கரை என்று அலைந்து நாலு வகைப் புல்லைப் பிடுங்கி வந்து நட்டேன். பெயர் தெரியாததால் என் வாடிக்கையாளர்களுக்கு வைத்ததுபோல நானே வைத்தேன்: நெட்டையன், தொப்பையன், சுணையன், குட்டை. தினமும் காலையில் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உயரம், இலை அகலம், ஒரு வேரில் எத்தனை தண்டு என்று நோட்டில் ஏற்றுவேன், "மனுஷங்கள அளந்து முடிச்சாச்சு, இப்ப புல்லுக்குக் கோட்டு தைக்கிறாரு" என்று உங்கள் அத்தை தெருவெல்லாம் சொல்ல, அடுத்த வீட்டு பேங்க்காரர் பாம்பு வரும் என்று புகார் எழுதிப்போட, துப்புரவு ஆள் அரிவாளோடு வந்து நிற்க, நான் வேறு வழியில்லாமல் பாத்தியின் குறுக்கே படுத்துவிட்டேன்.

"எந்திரிங்க பெரியவரே, வெறும் புல்லுதானே?"

"புல்லு இல்லப்பா, என் மானம்!"

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். நான் உடம்பைச் சொறிந்துகொண்டே எழுந்தேன், ஏனென்றால் படுத்தது சுணையன் மேல். மூன்று நாள் அரிப்பு. மாட்டு நாக்குக்கு இது ஆகாதென்று அவனை நீக்கிவிட்டேன். நெட்டையன் என் தோள் வரை வளர்ந்தான், ஆனால் இலையைவிடத் தண்டுதான் அதிகம், அதுவும் குடைக் கம்பி மாதிரி. அவனும் போனான். அறுத்தபின் எவன் சீக்கிரம் துளிர்க்கிறான் என்று பார்க்க, மிச்சம் இருவரையும் தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறுத்தேன். பன்னிரண்டாம் நாளான நேற்று அளந்தால் தொப்பையன் பத்து இஞ்ச், குட்டை பதினோரு இஞ்ச்! உருவத்தை வைத்து யாரையும் எடை போடக்கூடாது மாப்பிள்ளை, புல்லானாலும் சரி, மாமனாரானாலும் சரி. வாய்க்கால் கரை முழுக்க உருவிச் சேர்த்த குட்டை விதையைக் காலை பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டேன். இரண்டு ஏக்கருக்கும் கண்ணை மூடிக்கொண்டு தூவுங்கள்.

மகளுக்கு என் ஆசிகள். மாடுகளுக்குத் தனித்தனியாக என் அன்பு.

இப்படிக்கு,
அளவு தவறாத உங்கள் மாமனார்.

பி.கு.: பஸ்ஸில் வரும் விதை மூட்டையை அவிழ்க்காதீர்கள். உறை ஒட்டுமுன் உங்கள் அத்தை இதைப் படித்துவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் வந்தாள். "குட்டை இன்னைக்கும் ஒம்போது இஞ்ச்தாங்க. பள்ளிக்கூடச் சட்டைக்குக் கூட்டுற மாதிரி ரெண்டு இஞ்ச் கூட்டிட்டீங்களா?" என்றாள். ஆமாம் மாப்பிள்ளை. நாற்பது வருஷமாகச் சின்ன உருவம் எதை அளந்தாலும், வளரும் பிள்ளை என்று இரண்டு இஞ்ச் சேர்த்துத்தான் என் கை எழுதும். ஜெயித்தது தொப்பையன். கடிதத்தைக் கிழித்துப் போடச் சொன்னாள். தப்பாக வெட்டிய துணியைக்கூட நான் எறிந்ததில்லை, ஒட்டுப் போட்டுத்தான் கொடுப்பேன். மழைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. தொப்பையன் விதையை உருவ இப்போதே கிளம்பிவிட்டேன், வெள்ளிக்கிழமை நானே கொண்டுவருவேன். அதுவரை உங்கள் கல்யாணப் பேன்ட்டின் பின்பக்கத் தையலைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இஞ்ச் விட்டிருப்பேன்.