மாமனாரைக் கொன்று எழுத்தாளரானவர்

நமது சமஸ்தானத்துக் காடுகளில் மான் அருகிவிட்டது, காட்டுக்கோழி கண்ணில் படுவதேயில்லை என்று வேட்டைப் பிரியர்கள் அங்கலாய்க்கிறார்கள். கவலை வேண்டாம். அவை காலி செய்த இடத்தை வேறொரு ஜந்து வந்து நிரப்பிவிட்டது. இதைக் காணத் துப்பாக்கி தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. காலையில் தபாலாபீஸ் வாசலுக்குப் போங்கள். தபால் பை வந்து இறங்குவதற்கு அரை மணி முன்பாகவே, கக்கத்தில் குடையும், மூடி வெளியே தெரியும்படி சட்டைப் பையில் செருகிய பேனாவும், மூன்று நாள் க்ஷவரம் காணாத முகமும், உலகத்தின் துயரம் முழுவதையும் தாமே ஏலத்தில் எடுத்துவிட்டது போன்ற களைப்புமாக ஒருவர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பார். அவர்தான். வளர்ந்து வரும் எழுத்தாளர் என்று பெயர். யார் வைத்த பெயர் என்று கேட்கிறீர்களா? வேறு யார் வைப்பார்கள்?

யுத்தம் வந்ததும் சர்க்கார் அரிசிக்குக் கட்டுப்பாடு போட்டது. சீமெண்ணெய்க்குப் போட்டது. காகிதத்துக்கும் போட்டது. கதைக்குப் போட மறந்துவிட்டது.

இந்த ஜந்துவுக்குப் பார்வை வெகு கூர்மை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அவர் கையில் இருப்பது கனத்த உறையா, கார்டா என்று சொல்லிவிடும். கனத்த உறை என்றால் அனுப்பிய கதை திரும்பி வந்துவிட்டது. கார்டு என்றால் கதை பட்டணத்திலேயே தங்கிவிட்டது. கனத்த உறை வந்த தினத்தில் நீங்கள் எதிரே போய் மாட்டிக்கொண்டு, பரிதாபப்பட்டு என்னவென்று கேட்டுவிட்டால், "ஆசிரியருக்குக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது சார், இல்லாவிட்டால் இவ்வளவு பத்திரமாகத் திருப்பி அனுப்புவாரா?" என்பார். என்ன பதில் சொல்வீர்கள்?

இவருடைய தொழில் ரகசியங்கள் இரண்டு. ஒன்று, கதையில் யாராவது சாக வேண்டும். இன்னொன்று, எல்லாம் தத்ரூபமாக இருக்க வேண்டும். தத்ரூபம் என்றால் என்ன? ஊர் பேரை மாற்றக் கூடாது, ஆள் பேரை மாற்றக் கூடாது, எல்லாவற்றையும் 'நான்' பக்கத்தில் நின்று பார்த்ததாக எழுத வேண்டும். சிரமமும் குறைவு பாருங்கள். இருக்கிற ஆளை எடுக்க வேண்டியது, கொல்ல வேண்டியது.

எங்கள் தெரு ஆத்மநாதனை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆபீஸில் இரண்டாவது குமாஸ்தா. அமிர்தவல்லி என்ற தம் மனைவியின் பெயரைப் பாதியில் வெட்டி 'அமிர்தன்' என்று புனைபெயர் சூட்டிக்கொண்டவர். அமிர்தவல்லி தலைப்பிரசவத்துக்காகக் கறம்பக்குடியிலுள்ள பிறந்தகத்துக்குப் போயிருந்தாள். ஒருநாள் தபால்காரர் இரண்டு கார்டுகளை ஒன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம் என்று மாமனார் எழுதச் சொல்லி வந்தது ஒன்று. 'அணைந்த குத்துவிளக்கு' என்ற தங்கள் கதை ஏற்கப்பட்டது என்று சென்னைப் பத்திரிகையிலிருந்து வந்தது மற்றொன்று. முதல் கார்டை ஒரு முறை படித்தார். இரண்டாவதை எத்தனை முறை படித்தார் என்று எனக்குத் தெரியாது. மறுநாளே அதன் மூலைகள் தேய்ந்திருந்தன.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு உடையப்பன் அவரை வழியில் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, சந்தோஷ சமாச்சாரமாமே!"

"ஆமாங்க. அடுத்த மாசம் வருது."

"அடுத்த மாசமா? பொறந்திருச்சுன்னுல்ல சொன்னாங்க?"

"நான் எழுதி முடிச்சு மூணு மாசமாச்சுங்க. மெட்ராஸிலே இப்பத்தான் ஏத்துக்கிட்டாக."

உடையப்பன் வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

கதை வந்தது. மூன்றரைப் பக்கம், நடுவில் ஒரு படம். இந்த ஜந்து பத்திரிகையைக் கையில் வாங்கியதும் செய்கிற காரியம் உங்களுக்குத் தெரியும். பத்துப் பிரதி வாங்கும். உறவுக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பும். எழுத்து வாசனையே இல்லாத வீடாயிருந்தாலும் அனுப்பும். ஆத்மநாதன் அதற்கும் ஒரு படி மேலே போனார். பக்கம் புரட்டுகிற சிரமம்கூட ஜனங்களுக்கு வேண்டாமென்று, ஆபீஸ் கறுப்பு மையால் தம் கதையைச் சுற்றி நாலு பக்கமும் விரல் பருமனுக்குக் கட்டம் போட்டு அனுப்பினார். நம் சீமையில் நாலு ஓரமும் கறுப்பு அடித்து ஒரு காகிதம் வீட்டுக்கு வந்தால் அது சாவுச் செய்தி என்பது பாலகருக்கும் தெரியும். எழுத்தாளருக்குத் தெரியவில்லை.

கறம்பக்குடிப் பிரதி போய்ச் சேருமுன்பே ஒரு பிரதி வல்லத்திராக்கோட்டைக்குப் போயிற்று. மாமனார் அடைக்கலத்தின் தங்கை மருதாயியை அங்கே ஆண்டிச்சாமி என்பவருக்குக் கொடுத்திருந்தது. ஆண்டிச்சாமி கறுப்பு ஓரத்தைக் கண்டதுமே பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் ஓடினார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "கறம்பக்குடி அடைக்கலம் கண்ணை மூடியபோது நான் அவர் தலைமாட்டில் நின்றேன்" என்று முதல் வரியை வாசித்தார். இரண்டாவது வரியைக் கேட்க ஆண்டிச்சாமி அங்கே இல்லை.

இரண்டு கூண்டு வண்டி கட்டினார்கள். சவத்துக்குப் போர்த்தக் கோடித்துணி எடுத்தார்கள். மருதாயி கறம்பக்குடித் தெருக்கோடியிலேயே வண்டியை விட்டு இறங்கி, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தபடி ஓடினாள். சத்தம் கேட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அடைக்கலம் ஈரக் கையோடு வெளியே வந்தார்.

"வாங்க, வாங்க! என்ன இது, எந்த வீட்டுல கேதம்?"

துக்க வீட்டில் வந்தவர்களை யாரும் 'வாங்க' என்று சொல்வதில்லை. அதையும் செத்தவரே சொல்வது என்றால்? ஆண்டிச்சாமி கோடியும் கையுமாக விறைத்துப்போய் நின்றார்.

"மச்சான்... நீங்க செத்துப் போயிட்டீங்களாமே!"

"எந்தப் பய சொன்னான்?"

"பய இல்ல மச்சான், ஒங்க மாப்பிள்ளைதான். அச்சடிச்சுல்ல போட்டிருக்காரு!"

மருதாயிதான் பாவம். எடுத்த ஒப்பாரியைப் பாதியில் விடுவது குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு பயம். ஆகவே அண்ணனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மீதியையும் பாடி முடித்தாள். அடைக்கலம் நின்று கேட்டார். பேரனின் பெயர் அதில் வரவில்லையே என்று மட்டும் சொன்னாராம். ஆனால் அன்றைய தினம் கறம்பக்குடிச் சந்தை, பார்த்தவர்கள் அநேகம். மறுநாள் முதல் அவர் கடைத்தெருவுக்குப் போனால், "அண்ணே, அங்கிட்டுச் சௌகரியமெல்லாம் எப்படி?" என்று நாலு பேர் கேட்க ஆரம்பித்தார்கள்.

இது ஒன்றும் அறியாமல் நம் எழுத்தாளர், மூன்றாம் மாதம் மனைவியையும் பிள்ளையையும் அழைத்துவர, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ் ஏறினார். மேட்டில் பஸ் நின்றபோது மற்றவர்கள் இறங்கித் தள்ளினார்கள். இவர் உள்ளேயே உட்கார்ந்து, தள்ளுகிறவர்களின் முகபாவத்தைக் குறித்துக்கொண்டார். மாமனார் வீட்டில் நுழைந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு செம்பு தண்ணீர்கூட வரவில்லை.

"என்ன மாமா, வாங்கன்னு ஒரு வார்த்தை..."

"கேத வீட்டுல அந்த வார்த்தை சொல்றதில்லையே மாப்பிள்ளே" என்றார் அடைக்கலம்.

பிறகு உள்ளே போய், எடுத்ததைத் திரும்பக் கொண்டுபோகக் கூடாதென்று ஆண்டிச்சாமி போட்டுவிட்டுப் போயிருந்த கோடித்துணியைக் கொண்டுவந்தார். "பட்டணத்துல எழுதுறவுகளுக்குச் சால்வை போத்துவாகளாமே. எங்ககிட்ட இதுதான் இருக்கு" என்று சொல்லி மாப்பிள்ளையின் தோளில் போட்டார். ஆத்மநாதன் என்ன செய்தார்? குனிந்து ஏற்றுக்கொண்டார். கண்கூடக் கலங்கிற்று.

அதற்கப்புறம் அடைக்கலம் விஷயத்துக்கு வந்தார். "மாப்பிள்ளே, ஒரே ஒரு காரியம். இன்னொரு கதை எழுதுங்க. அடைக்கலம் பொழச்சு எந்திரிச்சுக் கஞ்சி குடிச்சான்னு போடுங்க. அது அச்சுல வந்த அன்னிக்குப் பொண்ணையும் பேரனையும் நானே வண்டி கட்டிக் கொண்டாந்து விடுறேன். வரலைன்னா, அவுக இங்கிட்டே இருக்கட்டும்."

நீங்களும் நானுமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? சரி மாமா என்று காலில் விழுந்து, அந்த நிமிஷமே காகிதம் கேட்டிருப்போம். வாழ்க்கையில் ஒரு தடவைகூட மேலதிகாரியிடம் 'முடியாது' என்று சொல்லியறியாத ஆத்மநாதனுக்கு அப்போதுதானா கொள்கை வந்து தொலைய வேண்டும்?

"அது நடக்காது மாமா. செத்தது செத்ததுதான். நீங்க பொழச்சீங்கன்னா கதை செத்துப்போகும்."

கதவுக்குப் பின்னாலிருந்து அமிர்தவல்லியின் குரல் வந்தது. "அப்பா, அந்தக் கதையோடயே அவுகளக் குடும்பம் நடத்தச் சொல்லுங்க. பெத்த பிள்ளை யாரு சாடைன்னு ஒரு வார்த்தை கேட்டாகளான்னு கேளுங்க."

ஆத்மநாதன் கேட்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவள் பேசிய வாக்கியம் நன்றாக அமைந்திருந்தது. மறந்துபோகுமே என்று பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். குறித்து முடித்தபோது உள்கதவு சாத்தியிருந்தது.

"போயிட்டு வாரேன் மாமா."

"கேத வீட்டுல சொல்லிக்கிட்டும் போறதில்ல" என்றார் அடைக்கலம்.

தோளில் கோடித்துணியோடு, பிள்ளையின் முகத்தைப் பாராமல், எழுத்தாளர் ஊர் திரும்பினார். வேறொருவராயிருந்தால் ஒரு வாரம் சாப்பாடு இறங்காது. இவருக்கு அடுத்த கதை கிடைத்துவிட்டது! பிடிவாதக்கார மனைவி பிறந்தகத்திலேயே தங்கிவிடுகிறாள். கணவன் கண்ணீர் விடுகிறான், ஐந்து பக்கம். பிறகு சொர்ணவல்லி என்ற உத்தமி மஞ்சள் சேலை உடுத்தி, வலது காலை எடுத்து வைத்து, இரண்டாம் தாரமாக வீட்டுக்குள் வருகிறாள். ஆத்மநாதன் தம் ஆயுளில் சொந்தமாகக் கற்பனை செய்த ஒரே ஆள் இந்தச் சொர்ணவல்லிதான். மீதிப் பேரெல்லாம் அசல். கதைக்கு உடனே கார்டு வந்தது. கறம்பக்குடிக்கு ஒரு பிரதியும் போயிற்று, வழக்கம்போல் கறுப்புக் கட்டத்தோடு.

இந்தத் தடவை வாத்தியார் தேவைப்படவில்லை. அமிர்தவல்லி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்.

பிரதி போய்ச் சேர்ந்த மறுநாள் மத்தியானம் எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. முன்னால் இடுப்பில் பிள்ளையோடு அமிர்தவல்லி, கையெல்லாம் பஸ் தள்ளிய கரி. பின்னால் அடைக்கலம். அவருக்கும் பின்னால் கம்பும் கையுமாக ஆண்டிச்சாமி. அமிர்தவல்லி கணவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே அடுப்பங்கரைக்குப் போனாள். அடி பிடித்த பானை ஒன்று இருந்தது. கொல்லையில் பார்த்தாள். குதிருக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பி வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"எங்கே அவ?"

"எவ?"

"எட்டாம் பக்கத்துல மஞ்சச் சீலை கட்டிக்கிட்டு வர்றாளே, அந்தச் சொர்ணவல்லி!"

ஆத்மநாதன் எழுந்து நின்றார். மாதக்கணக்காகப் பிரிந்த மனைவி எதிரே நிற்கிறாள். பிறந்தது முதல் பார்த்திராத மகன் அவரைக் கண்கொட்டாமல் பார்க்கிறான். அவர் உதடு துடித்தது.

"அமிர்தம்! மஞ்சச் சீலை வரைக்குமா ஞாபகம் இருக்கு? அவ்வளவு தத்ரூபமாவா இருந்துச்சு?"

அவள் அந்த முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று நாள் க்ஷவரம் காணாத, கன்னத்தில் மை அப்பிய அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிள்ளையை அவர் கையில் திணித்துவிட்டு, அடி பிடித்த பானையைத் தூக்கிக்கொண்டாள்.

"அப்பா, நீங்க போயிட்டு வாங்க. இந்த மூஞ்சிக்கு ரெண்டாந்தாரம் ஒருத்தி வருவான்னு நம்பி, பஸ்ஸைத் தள்ளிக்கிட்டு வந்தேன் பாருங்க, என்னையச் சொல்லணும்!"

அன்று முதல் அவள் இங்கேதான் இருக்கிறாள். கதை பிரித்தவளைக் கதையே சேர்த்து வைத்தது என்று ஆத்மநாதன் தபாலாபீஸ் வாசலில் சொல்லிக்கொண்டிருக்கிறார். கையில் பிள்ளையும் இருக்கிறது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பேனாவின் மூடியைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். அன்றைக்கு ஊருக்குக் கிளம்பிய அடைக்கலம் மட்டும் மாப்பிள்ளையைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டதை உடையப்பன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "ஏன் மாப்பிள்ளே, என் சாவுக்கு ஒத்தைக் கொட்டுன்னு எழுதிப்புட்டீகளே. மறுபடி அச்சடிச்சா ரெண்டு செட்டு மேளம் வந்ததா மாத்த முடியுமா?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் வாசித்துக்கொண்டு வரும்போதே, 'இந்த இடத்தை நானாயிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்' என்று ஒரு தரமாவது உங்களுக்குத் தோன்றிற்றா, இல்லையா? மருதாயியின் ஒப்பாரி உங்கள் சின்னத்தையை ஞாபகப்படுத்திற்று; அவளை வைத்து ஒன்று எழுதலாமே என்று நினைத்தீர்களா, இல்லையா? பொய் சொல்ல வேண்டாம். உங்கள் மேஜையறையில், பழைய பஞ்சாங்கத்துக்கு அடியில், ஒரு பக்கம் மட்டும் எழுதி நாலாக மடித்த காகிதம் இருப்பது உங்கள் வீட்டு அம்மாளுக்கு எப்போதோ தெரியும். போகட்டும், அனுப்புவதென்று முடிவு செய்துவிட்டால் யார் தடுக்க முடியும்? உறையை ஒட்டுவதற்கு முன்னால் மட்டும் ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிடுங்கள். உள்ளே உங்கள் மாமனார் உயிரோடு இருக்கிறாரா?